கைராசிப் பெட்டி

பண்டாரவளைக் குளிரில் அப்ப மா பொங்காது என்பது பதுளைக்காரர்கள் எப்போதோ சொல்லி முடித்துவிட்ட தீர்ப்பு. பதுளை பள்ளத்தில் இருக்கிறது. அங்கே இரவில் கரைத்து வைத்த மா, விடியும்போது மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். பண்டாரவளை மேட்டில் இருக்கிறது. அங்கே மா என்ன, மனிதர்களே ஒன்பது மணிக்கு முன்னால் போர்வையை விட்டு எழும்ப யோசிப்பார்கள். இந்தத் தீர்ப்பைக் கல்யாண வீடு, மௌத்து வீடு என்று பாராமல் போகிற இடமெல்லாம் சொல்லி வந்தவள் ஷாகிரா. பதுளையில் அப்பத்துக்குப் பேர் போனவள். அந்தப் பேரில் ஒரு துண்டைக்கூட அடுத்தவளுக்குக் கிள்ளிக் கொடுக்க மனம் வராதவள்.

இந்த ஷாகிராவின் தம்பியைத்தான் ஜெனீரா கட்டியிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் மதினியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, "பண்டாரவளைக்காரிக்கு அப்பம் வராது" என்று கேட்டுக் கேட்டுக் காது தடித்துப் போனவள். புருஷன் மௌத்தான பிறகு பண்டாரவளைக்கே திரும்பி வந்து, தன் தம்பி ஷுக்ரியின் வீட்டோடு இருந்துகொண்டாள். மேலே வீடு, கீழே ஷுக்ரியின் விதைக் கடை. கடையின் பின்பக்கத்தில் மாடிப்படி. படிக்குக் கீழே ஒரு மர அலுமாரி. அந்த அலுமாரிக்குள்ளேதான் கடையின் ஃபயர்வோல் பெட்டி இருந்தது.

அது என்ன பெட்டி என்று ஜெனீராவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கடையின் கம்ப்யூட்டர்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் நின்று, கண்டவனை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளும் சாமான் என்று ஷுக்ரி ஒருமுறை சொல்லியிருந்தான். அவன் பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெட்டி வாங்கினான். ஒன்று இங்கே. மற்றது பதுளைக் கிளைக்கு. பதுளைக் கிளை நடந்தது ஷாகிராவின் வீட்டு முன்னறையில். அவளிடம் வாடகைக்கு எடுத்திருந்தான். இரண்டு பெட்டிகளும் இரவு பகலாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும் என்றான். இரண்டு மதினிமார் பேசாத பேச்சையெல்லாம் அவை பேசித் தீர்க்கட்டும் என்று ஜெனீரா விட்டுவிட்டாள்.

ஒரு மார்கழி மழையில் பூனைக்குப் பயந்து மா பானையை அந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வேறு இடம் இல்லாததால் பெட்டியின் தலையிலேயே வைத்தாள். விடியற்காலை திறந்து பார்த்தால் மா மூடியைத் தள்ளிவிட்டு வழிந்திருந்தது. ஜெனீரா முதலில் பயந்தாள். பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி, பதமான சூடு.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு இரவும் பெட்டியின் மேல் ஒரு துணி, துணியின் மேல் பானை. ஒவ்வொரு காலையும் கடையின் பக்கவாட்டு ஜன்னலில் அப்ப வியாபாரம். பஸ் கண்டக்டர்கள், டீச்சர்மார், மரக்கறி லொறிக்காரர்கள் எல்லாரும் அந்தக் குளிரிலும் வரிசையில் நின்றார்கள். ராத்தா, இந்த ஊரில் எப்படி மா இப்படிப் பொங்குது என்று யாராவது கேட்டால், ஜெனீரா வலது கையை விரித்துக் காட்டுவாள். கைராசியாம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஜெனீராவின் புளுகு ஏழு வருஷம் ஓடியது.

அதற்கு ஷுக்ரிதான் விலை கொடுத்தான். காற்றுத் துளைகளையெல்லாம் பானை அடைத்துக்கொண்டதால், விடியும்போது பெட்டி மயங்கிவிடும். கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் நெட் கண் விழிக்கும். ஷுக்ரி மழையைக் குறை சொன்னான். வயரில் ஊஞ்சல் ஆடும் குரங்குகளைக் குறை சொன்னான். நெட் கம்பனிக்காரனை இரண்டு மொழியில் ஏசினான். ஜெனீரா பக்கத்தில் நின்று, பாவம், என்று தலையாட்டினாள். ஷாகிரா மட்டும் எப்போதாவது வந்து ஜெனீராவின் அப்பத்தைத் தின்றுவிட்டு, அடியில் கொஞ்சம் புளிப்பு என்று ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போவாள். வேறு குறை அவளுக்குக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட ஷாகிராதான் புதன்கிழமை தானாகவே போன் பண்ணினாள். பதுளையில் மகன் றிகாஸின் கல்யாணம். காலைச் சாப்பாட்டுக்கு இருநூறு அப்பம். "நீயே சுட்டுத் தா" என்றாள். ஜெனீரா போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான ஆள்தானா என்று பார்த்தாள். ஷாகிரா உடனே குரலை நிமிர்த்திக்கொண்டு, சனிக்கிழமை காலை ரயிலில் வந்து ருசி பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லுவேன் என்றாள். அதனால் என்ன? இருபத்திரண்டு வருஷத் தீர்ப்பு கவிழப் போகிறது. ஜெனீராவுக்கு இரண்டு நாள் கால் நிலத்தில் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலைதான் ஷுக்ரி அந்தச் செய்தியைச் சொன்னான். கொழும்பு விதைக் கம்பனி கண்டிப்பாகக் கடிதம் போட்டிருக்கிறதாம். பழைய ஃபயர்வோலை மாற்றாத கடைகளுக்கு மாதக் கடைசியோடு ஆன்லைன் ஓடர் கிடையாதாம். பதுளைப் பெட்டியைப் போன வெள்ளிக்கிழமை மாற்றியாகிவிட்டதாம். இன்றைக்கு இங்கே. ஜும்ஆத் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் தயாபரன் வந்து வேலையை முடித்துவிடுவானாம்.

"ராத்தா, நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க. பொடியன் இல்ல, பொறுப்பான ஆள். சாப்பாடு மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டான்.

தயாபரன் ஸ்பிரிங்வெளிக்காரன். முப்பத்தைந்து வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதுளையில் கம்ப்யூட்டர் படித்து, இப்போது ஊவா மாகாணத்தில் பாதிக் கடைகளின் வயர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். முதுகில் பெரிய பை, கையில் புதுப் பெட்டி. அதை ஜெனீரா பார்த்தாள். பழையதில் கால்வாசிகூட இல்லை. சவர்க்காரப் பெட்டி அளவு. இதன் தலையில் பானை எப்படி நிற்கும் என்பதுதான் அவளுடைய முதல் கவலை.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டால் போதும். ஷாகிரா வந்து தின்று போய்விடட்டும். ஜெனீரா முதலில் சாப்பாட்டை வைத்தாள். நெய்ச்சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு. வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றவனை, ஆறின நெய்ச்சோறு வயிற்றுக்கு ஆகாது என்று உட்கார வைத்தாள். இரண்டாம் முறை போட்டாள். மூன்றாம் முறை அவன் தட்டை மறைத்தபோது விரல்களின் மேலேயே போட்டாள். பிறகு வட்டிலப்பம் கொண்டுவந்தாள். அதற்கு மேல் தின்றால் அலுமாரிக்கு முன்னால் குனிய முடியாது என்று தயாபரன் எழும்பிவிட்டான்.

"அந்தப் பழசு நல்லாத்தானே ஈக்கி தம்பி" என்றாள் ஜெனீரா. "அடுத்த கெழம மாத்தினா என்ன?"

அதைச் செய்த கம்பனியே அதைக் கைவிட்டு ஐந்து வருஷம் ஆகிறது என்று தயாபரன் விளக்கினான். காது கேட்காத, கண் தெரியாத காவல்காரனை வாசலில் உட்கார வைத்த மாதிரி. எவனும் உள்ளே வரலாம்.

"யாரு வாறது? பத்து வருஷமா ஒரு ஆளும் வரல்லியே."

"வந்தாலும் தெரியாதுங்க ராத்தா. அதுதான் பிரச்சினையே."

ஜெனீரா வேறு வழி பார்த்தாள். அலுமாரிச் சாவியைக் காணவில்லை என்றாள். தயாபரன் அவள் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஜெனீராவுக்கு வெட்கமாகிவிட்டது. திறந்து கொடுத்தாள்.

முதலில் பழைய பெட்டியின் அமைப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கடவுச்சொல் வேண்டும் என்றான். அதைப் போட்ட இஞ்சினியர் எப்போதோ கத்தாருக்குப் போய்விட்டான். போகும்போது இரண்டு பெட்டிக்கும் ஒரே சொல்லைப் போட்டு, தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். தயாபரன் டோர்ச் அடித்துப் பார்த்தான். தாளின் முன்பாதி ஊறிக் கரைந்து போயிருந்தது.

"பதுளையிலயும் இப்படித்தாங்க. அங்க பின்பாதி ஊறிப்போயிருந்துச்சி. அதனால ஒண்ணும் செய்ய முடியல, எல்லாத்தையும் புதுசாப் போட்டேன். நல்ல வேளை, முன்பாதிய எழுதி வச்சிக்கிட்டேன்" என்றான். அங்கேயிருந்த பாதியையும் இங்கேயிருந்த பாதியையும் ஒட்டவைத்ததும் பெட்டி திறந்துகொண்டது.

இந்தப் பேச்சில் ஜெனீரா காதைக் கொடுத்திருந்தால் அவளுக்கு ஒரு பெரிய உண்மை அங்கேயே கிடைத்திருக்கும். அவளோ பெட்டியின் மேல்மூடியில் படிந்திருந்த வெள்ளைத் தோலைப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது லேசு. ஏழு வருஷத்து அப்ப மாவை எதில் மறைப்பது?

"இது என்னங்க, வெள்ளையா?" என்று தயாபரன் நகத்தால் சுரண்டினான்.

சுண்ணாம்பு என்றாள். அலுமாரிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களா என்று அவன் யோசித்தான். அப்படியென்றால் புறாவாக இருக்கும் என்றாள். பூட்டிய அலுமாரிக்குள் புறா எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. மோந்து பார்த்தான். புளிச்ச வாசனை என்றான். ஷுக்ரி அந்தப் பக்கம்தான் சொக்ஸ் கழற்றிப் போடுவான் என்று, கூடப் பிறந்த தம்பியையே ஜெனீரா பலி கொடுத்தாள்.

ஜும்ஆ முடிந்து ஷுக்ரி வந்தபோது புதுப் பெட்டி சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. கம்ப்யூட்டர்கள் பறந்தன, கமராக்கள் தெளிந்தன, பதுளைக் கிளை பக்கத்து அறை மாதிரி பேசியது. பழைய பெட்டியை என்ன செய்வது என்று தயாபரன் கேட்டான். பதுளைப் பெட்டியை எடுத்துக்கொண்ட மாதிரி இதையும் நீயே கொண்டுபோ என்று ஷுக்ரி சொன்னான். தயாபரன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, தெருக் கோடியில் ஒரு ஃபார்மசியில் கமரா பூட்டப் போய்விட்டான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். ஜெனீரா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் மாவைக் கரைத்தாள். ஷுக்ரி மஃரிப் தொழுகைக்குப் போன கையோடு, பானையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, புதுப் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தாள். ஐஸ். பண்டாரவளைச் சுவர் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர். ஒரு வேளை இப்போதுதான் வந்ததால் கூச்சப்படுகிறதோ என்று பத்து நிமிஷம் காத்திருந்தாள். சூடு வரவில்லை. நாளைக்குக் காலை மதினி வருவாள். உட்காருவாள். அப்பத் தாச்சியில் ஒட்டிக்கொண்ட பொங்காத தட்டை ரொட்டியைப் பார்ப்பாள். "நான் சொன்னேனே" என்பாள். அதை நினைத்ததும் ஜெனீராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தயாபரனின் நம்பர் ஒட்டியிருந்தது. எடுத்தாள்.

"தம்பி, நீங்க பூட்டின பெட்டி வேல செய்யல்ல."

"என்னங்க ராத்தா, நெட் வரலியா?"

"நெட் வருது. சூடுதான் வருதில்ல."

தயாபரன் சந்தோஷமாக விளக்கினான். அதுதான் புதுப் பெட்டியின் சிறப்பு, நாள் முழுக்க ஓடினாலும் குளிர்ச்சியாக இருக்கும், கரண்ட் பில்லும் குறையும். ஜெனீரா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அதைச் சூடாக்குவதற்கு எங்கேயாவது சுவிச் இருக்கிறதா என்றாள். இல்லை என்றான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மார்கழி மழையிலிருந்து ஆரம்பித்து, பூனை, பானை, கைராசி, மதினி, நாளைக் காலை ரயில் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.



"அப்ப அந்தப் புறா?"

"மாதான் தம்பி."

தயாபரன் சிரித்தானா இருமினானா என்று சொல்வது கஷ்டம். அரை மணி நேரத்தில் பையோடு வந்தான். அந்த வீட்டு நெய்ச்சோறு இன்னும் அவன் வயிற்றில்தான் இருந்தது. நன்றி மறக்கிற ஆள் இல்லை. சமையலறை மேசையில் பழைய பெட்டியை வைத்தான். நெட் வயர் எதுவும் இல்லை, கரண்ட் மட்டும். பச்சை லைட் ஒன்று மினுங்கத் தொடங்கியது. யாரோடும் பேச முடியாமல், யாரையும் தடுக்க முடியாமல், பத்து வருஷ உத்தியோகம் போன அந்தப் பெட்டி மெல்லச் சூடாகியது. ஜெனீரா அதன் மேல் துணியைப் போட்டு, பானையை வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெரிய துவாயால் மூடினாள். யாருக்கும் சொல்லக் கூடாது என்றாள். மாரியம்மா சத்தியம் என்று தயாபரன் தலையில் கை வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மறுநாள் காலை ஷாகிரா வந்து இறங்கினாள். கையில் குடை, குடையோடு ஒரு போத்தலில் அவள் வீட்டுக் கட்டசம்பல். அடுத்தவர் சம்பலை நம்புகிறவள் இல்லை அவள். வந்த களைப்புக்கு முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தாள்.

மா பொங்கியிருந்தது. ஏழு வருஷத்தில் பொங்காத மாதிரிப் பொங்கியிருந்தது. ஜெனீரா தாச்சியில் ஊற்றிச் சுழற்றினாள். ஓரம் மொறுமொறுவென்று எழும்பியது, நடு பஞ்சு மாதிரி உப்பியது. முதல் அப்பத்தை ஷாகிரா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தின்றாள். இரண்டாவதைப் பார்க்காமலே தின்றாள். மூன்றாவதற்குக் கையை நீட்டினாள். பிறகு ஒரு முட்டை அப்பம். கடைசியில் விரலை நக்கிக்கொண்டே, அடியில் கொஞ்சம் புளிப்பு என்றாள்.

"இருந்தாலும் பரவால்ல. கலியாணத்துக்கு நீயே சுடு."

ஜெனீராவுக்கு அப்படியே மதினியைக் கட்டிப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரு சொல்லுக்காகத்தானே. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கணம் கண்ணை மூடினாள். அந்த ஒரு கணத்தில் ஷாகிரா கை கழுவ எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஜெனீரா ஓடினாள். காலம் கடந்துவிட்டது. பானையை எடுத்த பிறகும் துவாய் மேசையில் அப்படியே கிடந்தது. துவாய்க்கு உள்ளே பச்சை லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. ஷாகிரா துவாயைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். சூடான பெட்டி, வெள்ளைத் தோல், அதன் மேல் ஒரு துணி. ஜெனீராவின் வலது கை தானாகவே முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. போயிற்று. கைராசி போயிற்று, கல்யாண அப்பம் போயிற்று, இனி பதுளை முழுக்கச் சிரிக்கும்.

ஷாகிரா பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். துணியையும் தொட்டுப் பார்த்தாள்.

"துணிய ரெண்டா மடிச்சிப் போடோணும் ஜெனீரா" என்றாள். "ஒத்தயா போட்டா அடி புளிச்சிரும்."

ஜெனீராவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, போன வெள்ளிக்கிழமை மாற்றிய பதுளைப் பெட்டி, அரைக்காதில் விழுந்திருந்த அந்த ஊறிப்போன தாள், தானாக வந்த புதன்கிழமைப் போன் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

"போன வெள்ளிக்கிழமையோட என்ட மா செத்துப் போச்சி" என்று ஷாகிரா கதிரையில் சரிந்தாள். "எட்டு நாளா ஒரு அப்பம் சரியா வரல்ல. மகன்ட கலியாணத்துல மானம் போகப் போகுதே எண்டுதான் ஒன்னத் தேடி வந்தன்."

பதுளையில் பெட்டி எதற்கு, அங்கேதான் மா தானாகப் பொங்குமே என்று ஜெனீரா கேட்டாள். வெயில் காலத்தில் பொங்கும் என்று ஷாகிரா ஒத்துக்கொண்டாள். பெட்டி வருவதற்கு முந்திய மழைக் காலங்களில் அவள் அப்பமே சுட்டதில்லையாம். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மழை மாதம் வந்தால் மதினி வீட்டில் எப்போதும் பிட்டுத்தான். கேட்டால் மில் பழுது என்பாள். வருஷா வருஷம் அதே மாதத்தில் பழுதாகும் மில்லைப் பற்றி ஜெனீரா ஒரு நாளாவது யோசித்தாளா?

கோபம்தான் முதலில் வந்தது. இருபத்திரண்டு வருஷக் கோபம், அதற்குரிய கனத்தோடு வந்தது. ஆனால் முந்தானைக்குள் ஒளிந்திருந்த சொந்தக் கை ஞாபகத்துக்கு வந்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கீழே ஷுக்ரி, எட்டு மணிக்கே நெட் வந்துவிட்டது, எல்லாம் புதுப் பெட்டியின் மகிமை என்று வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

இருநூறு அப்பத்துக்கு இரண்டு பானை வேண்டும், இரண்டு பானைக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்று ஷாகிராதான் முதலில் காரியத்துக்கு வந்தாள். ஜெனீரா தயாபரனுக்குப் போன் பண்ணி, போனவாரப் பதுளைப் பெட்டியை உடனே கொண்டுவரச் சொன்னாள்.

"அதுங்களா... இப்ப தர முடியாதுங்க ராத்தா. சத்தியத்த மீறி ஊருக்கெல்லாம் சொல்லலீங்க, பொஞ்சாதிகிட்ட மட்டுந்தான். ஸ்பிரிங்வெளிக் குளிருல கல்யாணமான நாள்லேர்ந்து எங்களுக்குத் தோசை கல்லு மாதிரித்தான். நேத்து நான் வந்து சொன்னவுடனே நிரஞ்சலா அந்தப் பெட்டி மேல மாவு வச்சா. காலையில பொங்கிப் போயி, லயத்துல பாதிப் பேரு வந்து பாத்துட்டுப் போறாங்க. கைராசின்னு சொல்லியிருக்கா."

ஜெனீரா போனைப் பொத்திக்கொண்டு மதினியைப் பார்த்தாள். ஷாகிரா கையை நீட்டிப் போனை வாங்கினாள். இனி ஏச்சுத்தான் என்று ஜெனீரா நினைத்தாள்.

"தம்பி, துணி எத்தன மடிப்பு போட்டாங்க?"

"ஒண்ணுதாங்க."

"ரெண்டாப் போடச் சொல்லுங்க" என்றாள் ஷாகிரா.